ஆடியில் சொல்லாத எண்

நாமகிரிப்பேட்டையில் எங்கள் விவசாயக் காட்டில் பாதியை விற்ற பணம் என் பெயரில் பேங்கில் கிடக்கிறது. வரி கட்டும் அளவுக்கு எனக்கு வருமானம் இல்லை. இருந்தாலும் பேங்க்காரன் வட்டியில் வரி என்று கொஞ்சம் பிடித்துக்கொள்வான். பிறகு நாம் கணக்குக் காட்டினால் சர்க்கார் திருப்பித் தரும். பிடிப்பானேன், பிறகு தருவானேன்?

கணக்குக் காட்டக் கடைசி நாள் ஆடியில் வந்து விழும். எங்கள் வீட்டில் ஆடியில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. இப்போது கையெழுத்தே வேண்டாம், போனுக்கு வரும் ஆறு எண்ணைச் சொன்னால் போதும் என்கிறார்கள். போட்டால் என்ன, சொன்னால் என்ன, சம்மதம் சம்மதம்தானே. ஆகவே ஆவணி பிறந்த பிறகு அஸ்தம்பட்டி ஆடிட்டர் ஆபீசுக்குப் போய் எண்ணைச் சொல்வேன். தாமதமானாலும் பணம் வந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு பங்குனியில் ஆடிட்டர் சொன்னார்.

"ஆத்தா, வருமான வரிக்குப் புதுச் சட்டம் வருதுங்க. தேதி தாண்டிக் கணக்குக் காட்டுனா, புடிச்ச பணம் திரும்பி வராதுங்க."

"எம்பணத்த அவன் எதுக்கு வெச்சுக்கோணும்?"

"சட்டமுங்க."

"திருடறதுக்கு இப்ப அதான் பேரா?"

"டெல்லியில எம்.பி.ங்க கமிட்டி போட்டு அலசறாங்க. யாரு வேணுமுன்னாலும் எழுதலாமாமுங்க. நீங்க எழுதறீங்களா?" என்று சிரித்தார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தச் சிரிப்புக்காகவே எழுதினேன். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆனது. 'களை வெட்ட வந்தவள் தாமதமாக வந்தாள் என்று அவள் சோற்றுத் தூக்குப்போசியை நான் பிடுங்கிக்கொண்டால் ஊர் என்ன சொல்லும்? எனக்கு இருக்கும் வெட்கம் உங்களுக்கும் இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அனுப்பச் சொல்லி ஆடிட்டரிடம் கொடுத்தேன்.

ஆடியில் அவரே போன் செய்தார். "கமிட்டி அந்த விதிய எடுக்கச் சொல்லீருச்சுங்க ஆத்தா! எல்லாம் உங்க கடுதாசிதானுங்க!"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அரைக் கிலோ லட்டு வாங்கிக்கொண்டு போனேன். மேசைமேல் என் பைல் விரித்துக் கிடந்தது. அதற்குள் என் கடுதாசி, நான் மடித்த மடிப்போடு.

"இதென்ன சாமி?"

"அது வந்துங்க... இங்கிலீசுல டைப் அடிச்சு அனுப்பலாமுன்னு இருந்தேனுங்க. நேரமே இல்லீங்க."

"அப்புறம் எப்படி எடுத்தாங்க?"

"ஊரு ஒலகமே எழுதுச்சுங்க. இனிப் பார்லிமெண்டுல ஓட்டுப் போடறது ஒண்ணுதான் பாக்கி. அது கெடக்குட்டும், அந்த ஆறு நம்பரச் சொல்லீட்டீங்கன்னா..."

"ஆவணியில வாரேன்."

அப்படியென்றால் அது இன்னும் முடியவில்லை. கமிட்டி சொன்னதுதான், ஓட்டுப் போடுகிறவர்கள் வேறே. ஊர் உலகமே எழுதிக் கேட்டால்தான் அடுத்தவர் பணம் என்று உறைக்கிற கூட்டம் அது. அவர்களை நம்பி வீட்டுக்குப் போவதா?

கடுதாசியையும் லட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தபால் ஆபீசில் ஒரு கவர் வாங்கி, 'டெல்லி, பார்லிமெண்ட்' என்று தமிழிலேயே எழுதினேன். படிக்கத் தெரியாவிட்டால் யாரையாவது கேட்டுக்கொள்ளட்டும், அத்தனை பேர் இருக்கிறார்களே.

ஆடியில்தான் பெட்டியில் போட்டேன். கையெழுத்து பங்குனியில் போட்டது.