தனி டம்ளர்

தேயிலைத் தூள் கம்பெனி ஒன்றுக்காக நான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த சமயம். காகிதக் கப் குப்பையை ஒழிக்க வேண்டும் என்று, கம்பெனி டீக்கடைகளுக்குக் கண்ணாடி டம்ளர்களை இலவசமாகக் கொடுத்தது. ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு கடையில் டம்ளர் பெட்டியைப் பிரித்தபோதுதான் அவரைப் பார்த்தேன்.

மரவள்ளிக் கிழங்கு மூட்டை தூக்குகிறவர். தோளெல்லாம் செம்மண். டீயைக் குடித்து முடித்ததும் கப்பைத் தட்டையாக அமுக்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரோட்டில் போடுவதில்லையாம்.

“இனிமே கண்ணாடி டம்ளர்லயே குடிக்கலாமுங்க” என்றேன்.

“எனக்குக் கப்பே இருக்கட்டுமுங்க சாமி. முன்னெல்லாம் எங்காளுகளுக்குத் தனி டம்ளருங்க. குடிச்சுப்போட்டு நாங்களே கழுவி வெக்கோணும். பேப்பர் கப்பு வந்த பொறகுதானுங்க எல்லாத்து கையிலயும் ஒண்ணாச்சு.”

“இப்பெல்லாம் யாருங்க அப்படிப் பாக்குறாங்க?”

சிரித்தார். “பாக்காம இருந்தாச் செரிதானுங்க.”

அடுத்த மாதம் போனேன். கடையில் காகிதக் கப் ஒன்றுகூட இல்லை. பலகையில் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. வெளியே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரே ஒரு டம்ளர் தனியாக இருந்தது. அதுவும் எங்கள் டம்ளர்தான்.

“அவருக்கு அதுதானுங்க வசதி” என்றார் கடைக்காரர்.

அவர் வந்தார். அந்த டம்ளரை எடுத்துக் கழுவி, டீக்கு நீட்டினார். என்னைக் கண்டதும் அதே சிரிப்பு.

“டம்ளரு நல்லாத்தானுங்க இருக்குது சாமி” என்றார்.