தோணியில் கிடந்த சுருட்டு

சுருட்டுப் பற்றப் பழகுகிறவர்களுக்குச் சித்தப்பா ஒரு பாடம் வைத்திருந்தார். அவருடைய தோணியில் புதிதாகச் சேரும் இளந்தாரிகளுக்கு வாவிக்கரையில் வைத்து அதை நடத்துவார். வாய்ப்பக்கத்து நுனியைக் கத்தியால் நறுக்க வேண்டும். பல்லால் கடித்தால் இலை பிரிந்துவிடும். நெருப்பை ஒரே இடத்தில் பிடிக்காமல், சுருட்டை உருட்டி உருட்டிப் பற்றவைக்க வேண்டும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "புகை விருந்தாளி மாதிரி. விறாந்தையில இருத்திக் கதைச்சு அனுப்பு, உள்ளுக்கு உடாத" என்பார். புகையை வாயோடு வைத்து விட்டுவிட வேண்டும், நெஞ்சுக்குள் இழுக்கக்கூடாது என்பது அதன் பொருள். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே இழுப்பார்கள், இருமுவார்கள், தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்காருவார்கள். எனக்கு அப்போது பத்து வயது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை; ஆனால் பாடம் முழுவதும் எனக்கு மனப்பாடம்.

சித்தப்பா என்றால் அம்மாவின் தங்கையைக் கட்டியவர். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கே எழுதப்படும். கல்யாணம் கட்டிய ஆண் பெண் வீட்டுக்கு வருகிறான். பிணக்கு வந்தால் வெளியேற வேண்டியவனும் அவன்தான். அம்மாவும் சின்னம்மாவும் ஒரே வளவில் இரண்டு வீடுகளில் இருந்தார்கள்.

சின்னம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப்போயின. மூன்றாவது தரித்தபோது, பிள்ளை பிறக்கும் வரை சுருட்டைத் தொடுவதில்லை என்று சித்தப்பா கண்ணகி அம்மாளுக்கு நேர்ந்துகொண்டார். மிச்சமிருந்த சுருட்டுகளை எறியவில்லை. தகரப்பெட்டியோடு தோணியின் பின்பலகைக்குக் கீழே வைத்தார். எறிந்துவிட்டு இருந்தால் அது விரதமில்லை, இல்லாமை என்று சொன்னார்.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள், அவர் கிழிந்த வலை பொத்தப் போயிருந்த நேரம், நான் தோணியில் ஏறினேன். கத்தி கிடைக்கவில்லை. பல்லால் கடித்தேன். உருட்டிப் பற்றவைத்தேன். விருந்தாளியை நேராக உள்ளே கூட்டிப்போனேன். வாவிக்குள் குனிந்து சத்தி எடுத்துவிட்டு, பாதிச் சுருட்டைப் பலகையில் போட்டபடி வீட்டுக்கு ஓடி, பாயில் சுருண்டு படுத்துவிட்டேன்.

மீன்கூடை எடுக்கப்போன சின்னம்மாவின் கண்ணில் அது பட்டது. கையில் கொண்டுவந்து முற்றத்தில் நின்றார். நான் பாயிலிருந்து எழுந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். சித்தப்பா வந்ததும் சின்னம்மா அதை அவரிடம் நீட்டினார்.

"நான் பத்தல்ல, புள்ள."

"அப்ப இது ஆர்ர?"

சித்தப்பா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வாய்ப்பக்கம் கடிபட்டு, இலை பிரிந்து கிடந்தது. பிறகு எங்கள் வீட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். ஒரு தரம்தான். வேலியைத் தாண்டி அதை வாவிக்குள் எறிந்தார். இனி அதை யாரும் பார்க்க முடியாது என்று எனக்குள் பெரிய ஆறுதல்.

சின்னம்மா கோயில் இருந்த திசையைப் பார்த்து, வெற்றிலையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். "அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. நான் பத்தல்ல, பத்தினவன்ர கண்ண அம்மாள் எடுக்கட்டும் எண்டு சொல்லுங்க. நான் நம்புறன்."

என் அம்மாவும், பற்றாதவருக்கு இதில் என்ன பயம், சொன்னால் முடிந்ததுதானே என்று குத்தலாகக் கேட்டார். சித்தப்பா கையை நெருப்புக்கு மேலே கொண்டுபோனார். அப்படியே நின்றார். கையை எடுத்துவிட்டார்.

"எனக்கு ஏலாது."

"அப்ப இந்த வளவுக்க நிக்காதீங்க."

இரண்டு சாரங்களையும் வலையையும் தோணியில் போட்டுக்கொண்டு, வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போனார். பிள்ளை சுகமாகப் பிறந்தது. நேர்த்தியை முறித்தவரை வெளியேற்றியதால் அம்மாள் மனமிரங்கினாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சித்தப்பா திரும்பி வரவில்லை. அக்கரையில் மீனவர் தங்கும் ஒரு வாடியில் தனியாக இருந்து, அங்கேயே செத்தார். சொல்ல எனக்கு எத்தனையோ வருடங்கள் கிடைத்தன. சின்னம்மா கண்ணை மூடும் வரை நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை, என் தங்கச்சி, இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். தகப்பன் வாக்குத் தவறியவர் என்றே இன்றும் சொல்கிறாள். இதை அவள் வாசிக்கட்டும்.

எனக்கு எழுபத்தாறு வயது. கண்ணாடி இல்லாமல் இதை எழுதுகிறேன். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகின்றன. அன்று கற்பூரம் தானாக எரிந்து அணையும் வரை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியம் பண்ண மறுத்தாரே, அப்படியானால் சித்தப்பாவும் எங்கோ ஒளித்துப் பற்றியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். மனம் லேசாகிவிட்டது. வீட்டுக்குள் போய்ச் சோறு கேட்டேன்.