என் கைக்குப் பற்றாத பட்டை

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கார்வேட்டிநகரத்துக்கும் வெதுருகுப்பத்துக்கும் நடுவே கடப்பாரையும் சம்மட்டியுமாக நானே இறங்கித் தோண்டிய கிணறுகள் பதினேழு. பதினாறில் தண்ணீர் வந்தது. வராத ஒன்று, நீரோட்டம் பார்த்து இடம் காட்டியவரின் கோளாறு. என் கோளாறு இல்லை. சுற்று வட்டாரத்தில் பாறையில் துளை போடும் கம்ப்ரசர் டிராக்டரை முதலில் கொண்டுவந்தவன் நான். திருச்சானூரில் மூன்று மாடி வீடு கட்டினேன். கீழே நாங்கள், மேலே அம்மனைப் பார்க்க வருகிறவர்களுக்கு அறைகள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழில் கடிதம் எழுதுவேன், தெலுங்கில் கையெழுத்துப் போடுவேன், இரண்டிலும் யாரையும் பேசி ஜெயிப்பேன். மகனைப் பட்டதாரி ஆக்கினேன். அவன் பெண் இப்போது திருப்பதியில் டாக்டருக்குப் படிக்கிறாள், முதல் வருஷம்.

இத்தனையும் செய்தது என் வலது கை. பேச்சுக்குச் சொல்லவில்லை. இந்தக் கையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கையை மட்டும் சொன்னால் போதாது, கண்ணையும் சொல்ல வேண்டும். ஒன்பதாவது கிணற்றில் பாறைச் சில்லு தெறித்து இடது கண் போய்விட்டது. அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது சித்தூருக்கு. அதன்பிறகு எட்டுக் கிணறு தோண்டியதும், வீடு கட்டியதும், மருமகள் பார்த்ததும் எல்லாம் வலது கண் ஒன்றை வைத்துத்தான். போன வருஷம் அந்தக் கண்ணிலும் புரை விழுந்தது. முதலில் விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி. பிறகு முகங்கள் கரைந்தன. ஒரு நாள் காலை ஷேர் ஆட்டோ என்று நினைத்துப் பால் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினேன். பால்காரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரையும் வழி கேட்டுப் பழக்கமில்லாதவன் நான்.

சித்தூர்மேல் பழைய நம்பிக்கை. அங்கேயே ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும் என்றார்கள். அதற்கு முன் பிரஷர் பார்க்க வேண்டும் என்று நர்ஸம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்தார். பாதியில் பட்டை பர்ரென்று பிய்த்துக்கொண்டு அவிழ்ந்தது. மறுபடி சுற்றினார். மறுபடி அவிழ்ந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பதினேழு கிணறு தோண்டின கை அம்மா இது என்று தெலுங்கில் ஆரம்பித்து, பாறை உடைத்த கதை வரைக்கும் வந்துவிட்டேன்.

"மாட்லாடகண்டி பெத்தாயனா" என்றார் அவர். பேசாதீர்கள் பெரியவரே என்று அர்த்தம். பட்டை அவிழாமல் இருக்க உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காற்று அடித்தார். நூற்று எண்பத்தாறு.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். போனேன். அதே நர்ஸம்மா, அதே பட்டை, அதே உள்ளங்கை. நூற்று எண்பத்திரண்டு. டாக்டர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர். "உங்களுக்கு இருக்கிறது ஒரே கண். பிரஷர் இப்படி இருக்கும்போது கத்தி வைத்து உள்ளே ரத்தம் கசிந்துவிட்டால், திரும்பக் கொடுக்க என்னிடம் இன்னொரு கண் இல்லை" என்றார். இன்னொரு மாத்திரை சேர்த்தார். அடுத்த தேதி கொடுத்தார்.

புது மாத்திரையில் எழுந்து நின்றால் தலை சுற்றியது. பாத்ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் வைத்த சுவர், என்னைத் தாங்கியது. ஆனால் அன்றைக்குத்தான் பயம் வந்தது. பாறைக்குள் வெடி வைத்துவிட்டு ஓடும்போதுகூட வராத பயம். இனிமேல் இப்படியேதான் சுவரைத் தடவிக்கொண்டு இருக்கப்போகிறோமா என்று.

அந்தச் சனிக்கிழமை பேத்தி ஹாஸ்டலிலிருந்து வந்தாள், கையில் பிரஷர் பார்க்கும் கருவியோடு. அவள் குரலும் சரியில்லை. பிஸியாலஜி லேபில் பிரஷர் பார்க்கும் பாடம் நடந்துகொண்டிருக்கிறதாம், அவளுக்கு மட்டும் ஸ்டெத்தில் சத்தமே கேட்கவில்லையாம், பிராக்டிகல் பரீட்சையில் மாட்டிக்கொள்வாளாம். வீட்டில் பழகிக்கொள்ள வந்திருக்கிறாள். என் மனைவிக்கு இரண்டு தடவை பார்த்து முடித்து என் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, அஞ்சி நிமிஷம் சும்மா குந்துங்க. அப்பறம்தான் பாக்கணும்."

"ஆஸ்பத்திரியில போன ஒடனே பாத்துட்டாங்க. அவங்களுக்குத் தெரியாததா? நீ இன்னும் அரை டாக்டருகூட இல்ல."

"அரைக்கால் டாக்டரு. குந்துங்க. கால்மேல கால் போடாதீங்க. முதுகு சாய்ங்க. கைய இந்த டேபிள்மேல, நெஞ்சு ஒயரத்துக்கு வையுங்க. ஒண்ணுக்குப் போய்ட்டு வந்தீங்களா?"

"இதெல்லாமா கேப்பாங்க?"

"ஒண்ணுக்க அடக்கிக்கினு இருந்தாலும் பிரஷர் ஏறும். பேசிக்கினு இருந்தாலும் ஏறும்."

என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து சொன்னாள்: "மத்தது எல்லாம் நடக்கும்மா. வாய மூட்றது மட்டும் நடக்காது."

பட்டையைச் சுற்றினாள். காற்று அடித்தாள். பர்ர். அவிழ்ந்துவிட்டது.

"பாத்தியாடி?" என்றேன் மனைவியிடம்.

"பெருமையப் பாரு. பாதி கொழுப்பு, பாதி வீம்பு. யோவ், அந்தப் பொண்ணப் பழக உடுய்யா."

பேத்தி சிரிக்கவில்லை. அவிழ்ந்த பட்டையைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள். "தாத்தா, சித்தூர்லயும் இப்டி அவுந்துட்ச்சா?"

"ரெண்டு வாட்டியும். அந்தம்மா கையால அமுக்கிப் புடிச்சிக்கினாங்க."

அவள் எழுந்து போய்ப் பாட்டியின் தையல் மெஷினிலிருந்து டேப்பை எடுத்து வந்து என் மேல்கையைச் சுற்றி அளந்தாள். நாற்பது சென்டிமீட்டர். ரெகார்டு நோட்டைப் புரட்டினாள். பட்டைக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது, அது கையை முக்கால்வாசிக்கு மேல் சுற்ற வேண்டும், அகலமும் கையின் பருமனுக்குத் தகுந்தபடி இருக்க வேண்டும், சின்னதாக இருந்தால் இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும் என்று தமிழில் சொன்னாள்.

"ஏன் அப்டிக் காட்டுது?" என்றேன்.

மறுபடி நோட்டைப் பார்த்தாள். "புக்ல அப்டித்தான் போட்டுகீது தாத்தா."

இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். காரணம் அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. சேற்றுக்குள் ஒரு சாண் ஆழத்தில் ரப்பர் தண்ணீர்க்குழாய், அதாவது ஓஸ், புதைந்து ஓடுகிறது. மேலே நின்று அதை நசுக்கித் தண்ணீரை நிறுத்த வேண்டும். அகலப் பலகையைப் போட்டு ஏறினால் அழுத்தம் ஓஸ் வரைக்கும் இறங்கும். ஒற்றைச் செங்கல்லை வைத்து ஏறினால் சேறுதான் பக்கத்தில் பிதுங்கும், ஓஸ் அப்படியே கிடக்கும். அதை நசுக்க இன்னும் நாலு பேர் ஏற வேண்டும். ஏறின ஆளைக் கணக்குப் பார்த்துவிட்டு, ஓஸில் தண்ணீர் அவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சொன்னால் எப்படி? என் கை சேறு, ரத்தக்குழாய் ஓஸ், அவர்கள் பட்டை செங்கல். இதைத்தான் சொன்னேன்.

அவள் நோட்டை மூடினாள். பிறகு, "தாத்தா, அந்த ஓஸ் கதைய இன்னொரு வாட்டிச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

ஆனால் சித்தூருக்குக் கூட வருகிறாயா என்று கேட்டதற்குப் பின்வாங்கினாள். "நான் ஃபர்ஸ்ட் இயரு. நான் போய்ச் சொன்னா சிரிப்பாங்க."

"சிரிச்சா பல்லுதான தெரியும்? வா."

டாக்டர் கொடுத்த தேதியில் இரண்டு பேரும் போனோம். நர்ஸம்மா சிரிக்கத்தான் சிரித்தார். எந்த வருஷம் படிக்கிறாய் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் இன்னொரு முறை சிரித்தார். பேத்தி என் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டி, "மேடம், பெத்த கஃப் உந்தா?" என்று மட்டும் கேட்டாள். பெரிய பட்டை இருக்கிறதா. நர்ஸம்மா என் கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அலமாரியைத் திறந்து கீழ்த்தட்டில் துழாவி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒன்றை எடுத்து வந்தார். தொடையில் கட்டுகிற அகலம்.

பாத்ரூம் போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். கால் இரண்டும் தரையில். ஐந்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. முப்பது அடியில் ஒற்றைப் பாறையை மூன்று வாரம் உடைத்திருக்கிறேன். இது அதைவிடக் கஷ்டம். எதிரே சுவரில் வெள்ளையாக ஏதோ வட்டமாகத் தெரிந்தது. கடிகாரம் போலிருக்கிறது. முள் தெரியவில்லை. இந்தத் தடவையும் கூடிப்போனால் அந்த முள்ளை இனிமேல் பார்க்கவே மாட்டேன் என்று தோன்றியது. பேத்தியின் விரல் என் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்தது.

பட்டை சுற்றியது. காற்று ஏறியது. அவிழவில்லை. முதல் தடவையாக அது அவிழாமல் இருந்ததில் சந்தோஷப்பட்டேன்.

நூற்று நாற்பத்து நான்கு.

நர்ஸம்மா நம்பாமல் இன்னொரு கையிலும் பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டு. டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் தன் கையாலேயே இரண்டு தடவை பார்த்தார். பேத்தியைப் பார்த்து, "மன்ச்சி பனி சேசாவம்மா" என்றார், நல்ல காரியம் செய்தாய் என்று. பிரஷர் இருக்கத்தான் இருக்கிறது, முதல் மாத்திரையை விடக்கூடாது, தலை சுற்ற வைக்கிற இரண்டாவதை நிறுத்திவிடலாம் என்று எனக்குச் சொல்லிவிட்டு, "ரேப்பு பொத்துன்னே ரண்டி" என்றார். நாளைக் காலையிலேயே வாருங்கள்.

வெளியே வந்து மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பேத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "இப்பப் பேசலாம் தாத்தா" என்றாள். பாறை உடைத்த கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள்.

மறுநாள் ஆபரேஷன் ஆனது. அதற்கு மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் பார்த்தது டாக்டர் மூக்கில் ஒரு மச்சம். அடுத்தது அவர் தலைக்குப் பின்னால் கடிகாரம்: பத்தேகால். முள் இரண்டும் கறுப்பு. வீட்டுக்கு வந்து என் மனைவியைப் பார்த்தேன். "இன்னா அப்டிப் பாக்கற?" என்றாள். நரை இவ்வளவு கூடிவிட்டதா என்று கேட்டதற்கு, மறுபடி கட்டுப் போடச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. அவள் திட்டும்போது புருவம் அசைவதைக்கூடப் பார்த்தேன்.

அடுத்த மாதம் பேத்திக்குப் பிராக்டிகல். என் பெரிய கையில் பழகிப் பழகி இப்போது அவளுக்கு எந்தக் கையிலும் சத்தம் கேட்கிறது. பட்டை சின்னதானால் அளவு ஏன் கூடுகிறது என்று புரொபசர் கேட்டாராம். மற்றவர்கள் புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தார்கள். இவள் சேறு, ஓஸ், பலகை, செங்கல் என்று சொல்லியிருக்கிறாள். புரொபசர் எழுந்து வந்து முதுகில் தட்டினாராம். இப்போது ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அதையே சொல்லிப் பாடம் நடத்துகிறாராம், ஒரு மாணவி சொன்ன உதாரணம் என்று.

மாணவி சொன்னதா?

ரெகார்டு நோட்டை எடுத்து வரச் சொன்னேன். என் கண்ணாலேயே பார்த்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, அவளைப் படிக்கச் சொன்னேன். பார்க்கப்பட்ட நபர்: ஆண், அறுபத்தெட்டு வயது. அவ்வளவுதான். பேர் எழுதக்கூடாது தாத்தா, அது ரூல் என்கிறாள். சரி, பேர் வேண்டாம். பேர் போடாமல்தான் இதையும் எழுதியிருக்கிறேன். பட்டை சின்னது என்று கண்டுபிடித்தது அவள்தான், அதில் எனக்குப் பங்கு கேட்கவில்லை. என் கண் அவள் கொடுத்தது, அதை எங்கும் சொல்வேன். ஆனால் அவிழ்ந்த கை என்னுடையது. ஓஸ் என்னுடையது. அந்த நோட்டில் 'ஆண், அறுபத்தெட்டு வயது' என்பதற்குப் பக்கத்தில் கிணறு தோண்டுபவர் என்று தமிழிலேயே எழுத வேண்டும். புரொபசரும் இனி வகுப்பில் சொல்லும்போது, மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு கிணறு தோண்டுபவர் சொன்னது என்று சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமை பேத்தி வரும்போது நோட்டையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த வரி இருக்கிறதா என்று நானே பார்ப்பேன். இப்போது எனக்குக் கண் தெரிகிறது.