மேற்படி டொக்குக்கடை

போன மாதம் மைத்துனர் மகளின் நிச்சயதார்த்தத்துக்காக ஏற்காடு போயிருந்தேன். ஒண்டிக்கடை என்கிற இடத்தில் இருக்கும் ஒரு லாட்ஜில் வைத்திருந்தார்கள். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு டிரம்பெட் தொங்கியது. அதன் புனல் வாய்க்குள் மஞ்சள் பல்பைச் சொருகி விளக்காக்கியிருந்தார்கள். வந்த பெண்கள் எல்லோரும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அது என் டிரம்பெட். குழாய் வளைகிற இடத்தில் அரசிலை வடிவத்தில் ஓர் ஒட்டு இருக்கிறது. அப்படி ஒட்டுப் போடுகிற ஆள் இந்த மலையில் ஒருவர்தான் இருந்தார். அவர் உட்கார்ந்து வேலை செய்த இடத்தில்தான் இப்போது லாட்ஜுக்கு வருகிறவர்கள் செருப்பு விடுகிறார்கள்.

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. 'அவர், இவர்' என்று எழுதுவது முப்பது வருஷம் எஸ்டேட் ரைட்டராக இருந்த கைப்பழக்கம். மரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பந்தியில் ரசம் ஊற்றினார்கள். புளி வாசம் ஏறியதும் சோறு இறங்கவில்லை. அந்த ஆளின் கடை வாசமே அதுதான். பித்தளை தேய்க்கக் கரைத்து வைத்த புளி, விரலால் அமுக்க வராமல் இறுகிப்போன டிரம்பெட் பிஸ்டன்களை ஊறப்போட்ட மண்ணெண்ணெய், பம்ப் ஸ்டவ்வில் உருகும் ஈயம் எல்லாம் சேர்ந்து ஒரு நெடி. பேக்கரிக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலத்தில் கடை இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. 'இங்கு பேண்டு வாத்தியங்கள் ரிப்பேர் செய்யப்படும்' என்று கதவில் சுண்ணாம்பால் எழுதியிருக்கும். குழாய்களில் விழுந்த டொக்கை எடுக்கிற கடை என்பதால் ஊர் அதை டொக்குக்கடை என்றது. கடைக்காரர் டொக்கு பாய். அவர் கன்னமும் இரண்டு பக்கமும் டொக்கு விழுந்துதான் இருக்கும் என்பது கூடுதல் பொருத்தம்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த மலையில் எஸ்டேட்டுக்கு ஒரு பேண்டு செட் இருந்தது. கல்யாணம், பண்டிகை, சாவு எல்லாவற்றுக்கும் அதுதான். மழையில் நனைவது, ஜீப் கூரையிலிருந்து விழுவது, குடித்துவிட்டு அதன் மேலேயே உட்காருவது என்று வாத்தியங்களுக்கு வராத கஷ்டமில்லை. எல்லாம் கடைசியில் பாய் கடைக்குத்தான் வரும். நுனியில் இரும்புக் குண்டு வைத்த கம்பியை உள்ளே விட்டு, மெல்ல மெல்லத் தட்டி டொக்கை எடுப்பார். தொழில் தெரியாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் வாய் இருக்கிறதே, அது வேறு. சேலத்துக்காரர்களின் மரியாதைப் பேச்சைக் கேட்டு மயங்காதீர்கள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டே ஆளை அறுத்துவிடுவார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வாத்தியத்தைக் கொடுக்கும்போது மவுத் பீஸை, அதாவது உதட்டில் வைத்து ஊதுகிற அந்தச் சின்னக் கிண்ணத்தை, நாமே கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். மறந்து கொடுத்தால் துணியால் பிடித்துத் திருப்பித் தருவார்.

"வாய் உங்களுதுங்க, நீங்களே வெச்சுக்கோங்க. உடம்ப மட்டும் குடுங்க. ஒருத்தரு எச்சில்ல இன்னொருத்தரு வாய வெக்கக் கூடாதுங்க."

ஆகவே அவர் எதையும் ஊதிப் பார்த்ததே இல்லை. முப்பது வருஷம் பேண்டு ரிப்பேர் செய்த மனிதர் ஒருநாள்கூட வாத்தியத்தில் வாய் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவில் எஸ்டேட் ஆட்கள் வந்து, அவரவர் மவுத் பீஸை மாட்டி, கடை வாசலில் நின்று ஊதிக் காட்டுவார்கள். பாய் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரைட்டர் வேலை எனக்கு. பேர்வாசிப்பு, மஸ்டர் என்கிற ஆள்கணக்கு, லீவு மனு, போலீசுக்குப் போகும் மனு எல்லாம் என் கையெழுத்துதான். 'மேற்படி' இல்லாமல் எனக்கு ஒரு வரி ஓடாது. மேற்படி ஆள், மேற்படி தோட்டம், மேற்படி மாடு. ஊதுகிற ஆசையும் வந்து, ஒரு பழைய டிரம்பெட்டை வாங்கி, எங்கள் பேண்டு செட்டில் நுழைந்தேன். செட்டுக்குத் தலைவர் மாதையன், மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர். ரைட்டரை வேண்டாமென்று சொல்ல முடியாமல் சேர்த்துக்கொண்டார் என்று இப்போது புரிகிறது. அப்போது திறமைக்குக் கிடைத்த இடம் என்று நினைத்தேன்.

மேல் சுரத்துக்குப் போனால் என் டிரம்பெட் கீச்சென்று பிசிறடிக்கும். எவ்வளவோ பழகினேன். மஞ்சக்குட்டை ரோட்டில் ஆளில்லாத வளைவில் நின்று குரங்குகளுக்கு ஊதிக் காட்டினேன். குரங்குகளும் ஓடின. மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, டொக்குக்கடையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பாய் பிஸ்டனைக் கழற்றித் துடைத்து மாட்டி, ஊதச் சொன்னார். சுற்றிலும் நாலு எஸ்டேட்டின் பேண்டு ஆட்கள் இருந்தார்கள். ஊதினேன். கீச்.

"பித்தளையில ஒண்ணுமில்லீங்க ரைட்டரே" என்றார் பாய். "டொக்கு உங்க மூச்சுல இருக்குதுங்க. அதுக்கு எங்கிட்ட கம்பி இல்லீங்க."

பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் வரைக்கும் சிரித்தான்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். எஸ்டேட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே மாதையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சாமி, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பண்டிகைக்கு நீங்க ஜால்ரா போடுங்க. நொம்ப நல்லாயிருக்கும்."

மேனேஜருக்கு நான் ஜால்ரா போடுகிறேன் என்று ஏற்கெனவே எஸ்டேட் முழுக்கப் பேச்சு. இப்போது கையிலேயே ஜால்ராவைக் கொடுத்துவிட்டார்கள். பண்டிகையன்று தேருக்கு முன்னால் அதைத் தட்டிக்கொண்டு போனேன். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறு ஞாயிறு பாய் கடைக்குப் போய், டிரம்பெட்டை அவர் பலகை மேல் டொக்கென்று போட்டேன். மவுத் பீஸ் என் பாக்கெட்டில் இருந்தது, பழக்கம்.

"ஒழுங்காப் பாருங்க. கொறை அதுலதான் இருக்குது."

"பாத்தாச்சுங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார். நான் எடுக்கவில்லை. அவரும் விட்டெறியவில்லை, ஆணியில் மாட்டினார். மாதக்கணக்கில் அங்கேயே தொங்கியது.

அந்தச் சமயம்தான் கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் என்னைத் தேடி வந்தார். மாடியில் நாலு ரூம் போட்டு லாட்ஜ் வைத்திருந்தார். கீழேயும் இடித்துப் பெரிதாகக் கட்ட ஆசை. பேக்கரியும் செருப்புக்கடையும் வேறு இடம் பார்க்க ஒப்புக்கொண்டாயிற்று. பாய் மட்டும் நகரவில்லை. முப்பது வருஷமாக இருக்கிறவரை ஊர் பார்க்க எழுப்ப இவருக்குத் துணிச்சலில்லை. சத்தம் தாங்கவில்லை என்று தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு போனால் தானாக நடந்துவிடும் என்றார். "உங்க கையெழுத்துன்னா ஆபீசுல மறுபேச்சு இல்லீங்களே ரைட்டரே."

எனக்கு இரண்டாவது முறை சொல்லத் தேவைப்படவில்லை. ஒரே மூச்சில் எழுதினேன். என் மூச்சில் டொக்கு உண்டா இல்லையா என்று பார்க்கட்டும் என்ற வெறி. 'மேற்படி கடையில் மேற்படி நபர் காலை முதல் மாலை வரை வாத்தியங்களை ஊதி மேற்படி பகுதியில் வசிப்போரின் நிம்மதியைக் கெடுத்து வருகிறார்.' கீழே பதினாலு பேர் கையெழுத்து வாங்கியது கட்டடக்காரர் வேலை.

விசாரணைக்கு அதிகாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அன்றைக்கு வேடிக்கை பார்க்க நான் போகாமலிருந்திருக்கலாம். போனேன். கடை வாசலில் வழக்கம்போல பேண்டு ஆட்களின் கூட்டம். அதிகாரி மனுவை உரக்கப் படித்தார். 'மேற்படி நபர் ஊதி' என்ற இடம் வந்ததும் கூட்டத்தில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

"ஏனுங்க சார், நானு ஊதுனத இந்த ஊர்ல ஒருத்தரு கேட்டிருந்தா, இப்பவே பூட்டிட்டுப் போறனுங்க."

"அப்ப யாருங்க ஊதறது?"

பாய் மனுவைக் கையில் வாங்கிப் பார்த்தார். எங்கள் செட் வாத்தியங்களோடு போகும் சீட்டெல்லாம் என் கையெழுத்து. மேற்படி டிரம், மேற்படி கிளாரினெட். வருஷக்கணக்காக அதைப் படித்துப் படித்து வேலை செய்தவர் அவர். மூன்றாவது 'மேற்படி'யிலேயே தலை நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். ஆணியில் தொங்கிய என் டிரம்பெட்டைக் கைகாட்டினார்.

"இவருதாங்க ஊதுவாரு. இவரே ஊதி, இவரே தாங்காம மனுவும் குடுத்திருக்காரு." பிறகு என்னிடம் மெதுவாக, "நா பித்தளையத்தான் பத்த வெப்பனுங்க. நீங்க ஆளையே பத்த வெக்கறீங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் என் காது இரண்டும் எரிந்தது. மாதையன் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார். அது இன்னும் மோசம். ஆனால் ஜெயித்தது நான்தான். அதிகாரி மனுவை மடித்துக்கொண்டே, "யாரு ஊதுனா என்னங்க, சத்தம் சத்தந்தானே" என்றார். ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது.

பாய் யாரிடமும் போய் நிற்கவில்லை, கெஞ்சவில்லை. கையிலிருந்த வேலையை எல்லாம் முடித்தார். பஸ் கண்டக்டர்களிடமும் ஜீப்காரர்களிடமும் சொல்லி அனுப்பி, அவரவர் வாத்தியத்தை எடுத்துப் போக வைத்தார். நான் போகவில்லை. கடைசி நாள் சாயங்காலம் கண்டக்டர் ஒரு பொட்டலத்தை எஸ்டேட் ஆபீசில் இறக்கிவிட்டுப் போனார். செய்தித்தாளைப் பிரித்தால் என் டிரம்பெட். புளி போட்டுத் தேய்த்ததில் முகம் தெரிந்தது. வளைவில் புதிதாக ஓர் ஒட்டு, அரசிலை மாதிரி. புனலுக்குள் ஒரு சீட்டு:

'மேற்படி டிரம்பெட்டில் வளைவின் உள்பக்கம் விரிசல் இருந்தது. முன்பு பார்த்தபோது தெரியவில்லை. பத்த வைத்தாயிற்று. மூச்சில் குறை இல்லை. ஊதவும்.'

மவுத் பீஸை மாட்டி ஊதினேன். மேல் சுரம் பிசிறில்லாமல் நின்றது. ஆபீஸ் ஜன்னல் வழியாகப் போய், எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. வாழ்க்கையில் நான் சரியாக ஊதியது அந்த ஒரு முறைதான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? நாலு எஸ்டேட் ஆட்கள் முன்னால் என் மூச்சைக் குறை சொன்னவர், இதையும் அந்த நாலு எஸ்டேட் ஆட்கள் முன்னால் சொல்லியிருக்க வேண்டாமா? துண்டுச் சீட்டில், அதுவும் என் 'மேற்படி'யையே போட்டு எழுதி அனுப்பினால் என்ன நியாயம்? அவர் மேல் கோபப்பட எனக்கிருந்த ஒரே காரணத்தையும் பிடுங்கிக்கொண்டு, மலையை விட்டு இறங்கிவிட்டார். சேலத்தில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதுண்டு. போகவில்லை. வீம்புதான், வேறென்ன.

அதற்கப்புறம் டொக்கு விழுந்தால் சேலத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸில் நசுங்கி இரண்டாவது டொக்கோடு திரும்பி வரும். அடுத்தடுத்த பண்டிகைகளில் யூபோனியம் நின்றது, கிளாரினெட் நின்றது, பிறகு ஒலிபெருக்கியில் கேசட் போட ஆரம்பித்தார்கள். மாதையன் செத்தபோது ஊத ஆளில்லை. ரேடியோ செட் கட்டி, கேசட்டில் ஒப்பாரி போட்டார்கள். அன்றைக்கும் என் டிரம்பெட் பீரோ மேலேதான் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. ரிட்டயராகி வீட்டை ஒழித்தபோது பழைய பித்தளைக்காரனிடம் எடைக்குப் போட்டேன். அவன் தராசில் வைக்கப் போனபோது, என்னையறியாமல் மவுத் பீஸைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

நிச்சயதார்த்தம் முடிந்து கிளம்பும்போது லாட்ஜ் மேனேஜர் ஓடி வந்தார். "சார், அந்தக் காலத்து ஆளுங்களாச்சே. எறக்கித் தரட்டுங்களா, ஊதற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கறீங்களா?" என்றார். ஒயர் விடுவதற்காக, சரியாக அந்த அரசிலை ஒட்டிலேயே ஓட்டை போட்டிருந்தார்கள். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மேஜை டிராயரைத் திறந்து பார்த்தேன். பழைய சாவிகளுக்கு நடுவே பச்சை பூத்துக் கிடக்கிறது மவுத் பீஸ். அந்த ஆள் சொன்னபடி, வாய் என்னிடம்தான் இருக்கிறது.