நாடக அம்பு

பரிபூரணத்தின் வாழ்க்கையிலிருந்து ராஜபாளையத்து மில்லையும் செபஸ்தியாரையும் எடுத்துவிட்டால் மிச்சம் தம்பி எட்வின் ஒருவன்தான். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. பஞ்சுத் தூசியை விழுங்கி இருமி இருமியே அவனை ஐ.டி.ஐ. படிக்கவைத்து, தான் வேலை பார்த்த மில்லிலேயே ஃபிட்டராகச் சேர்த்துவிட்டாள். புருஷன் செத்த பிறகும், தம்பி இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் நடமாடினாள். தைரியத்தை எதன்மேல் வைக்கிறோம் என்று யார்தான் யோசிக்கிறோம்?

தை மாதம் செபஸ்தியார் திருவிழாவுக்கு அவர்கள் தெருவில் நாடகம் போடுவார்கள். செபஸ்தியார் ரோமாபுரிப் படையில் அதிகாரி. கிறிஸ்துவை மறுதலிக்க மாட்டேன் என்றதற்காக அவரைக் கட்டிவைத்து அம்பெய்தார்கள். பிணத்தை எடுக்கப் போன இரேனம்மாள் என்ற விதவை, உயிர் இருப்பதைப் பார்த்து, கட்டை அவிழ்த்து, அம்புகளைப் பிடுங்கி, காயத்தை ஆற்றினாள். குணமானவர் ஓடி ஒளியவில்லை. நேரே ராஜாவின் முகத்துக்கு எதிரே போய், நீ செய்வது அநியாயம் என்றார். இந்த முறை அடித்தே கொன்றார்கள். வருஷா வருஷம் எட்வின்தான் செபஸ்தியார், பரிபூரணம்தான் இரேனம்மாள்.

"தப்பிச்ச பொறவும் திரும்பிப் போனாரு பாத்தியாட்டி, அதான் விசுவாசம்" என்று மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்துவாள் பரிபூரணம்.

"எங்க கருப்பசாமியா இருந்தா ராஜாவ வெட்டிப் போட்டுட்டுல்ல வந்திருப்பாரு" என்பாள் பக்கத்து மெஷின் பாண்டிசெல்வி. வத்திராயிருப்பிலிருந்து மில் பஸ்ஸில் வருகிறவள். இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

ஐப்பசியில் அந்தப் பாண்டிசெல்வியின் வலது கை மெஷினுக்குள் போய்விட்டது. மணிக்கட்டோடு எடுத்தார்கள். உருளையை மூடியிருக்க வேண்டிய கவர் அங்கே இல்லை. மெஷின் ஓடும்போதே கழிவுப் பஞ்சை வாரிவிடலாம் என்று சூப்பர்வைசர் சொல்ல, அதைக் கழற்றிவைத்தவன் எட்வின். கூட நின்று பார்த்தவள் பரிபூரணம். பாண்டிசெல்வி தானாகவே கழற்றிக் கையை விட்டாள் என்றது மில். அந்தப் பழி நின்றுவிட்டால் அவளுக்கு நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது.

கோயில் பீடத்தில் நிற்கும் செபஸ்தியார் சுரூபத்தில் தைத்திருக்கும் வெள்ளி அம்பைத் தொட்டுச் சத்தியம் செய்தால் அந்தத் தெருவில் யாரும் பேச்சு மாறமாட்டார்கள். மில் விசாரணைக்கு முந்தின நாள் தம்பியை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள் பரிபூரணம். கோயில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருக்கும் உபதேசியார் வன்னியம்பட்டியில் ஒரு சாவுக்குத் துஷ்டி கேட்கப் போயிருந்தார். கோயிலுக்குப் பின்னால் ஒத்திகைக் கொட்டகையில் வெள்ளித்தாள் ஒட்டிய மூங்கில் அம்பு கிடந்தது.

"எல்லாம் அவரு அம்புதான். இதத் தொட்டுச் சொல்லுலே" என்றாள்.

எட்வின் தொட்டான். "உள்ளதச் சொல்வேன்க்கா" என்றான். கண்கூடக் கலங்கியிருந்தது பாவிக்கு.

விசாரணையில் பரிபூரணம் பார்த்ததையெல்லாம் சொன்னாள். அடுத்து எட்வினைக் கூப்பிட்டார்கள்.

"அந்தப் பொம்பளையேதான் கழட்டுச்சு சார். எங்கக்கா அவளோட கூட்டாளி. அதான் இப்படிச் சொல்லுது."

 வயிற்றில் சுமக்காத குறையாக வளர்த்தவன், அவள் முகத்தைப் பார்க்காமலேயே அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டான். அந்த வாரமே அவளுக்கு வேலை போனது. அவனுக்கு ஹெட் ஃபிட்டர் பதவி வந்தது.

மில் வாசலில் அவனை மறித்து நிறுத்திக் கேட்டாள்.

"சத்தியம் பண்ணுனியேலே?"

"நான் தொட்டது நாடக அம்புதானக்கா? சுரூபத்து அம்பத் தொட்டா சொன்னேன்?"

ஆற அமர யோசித்து வைத்திருந்த பதில். பொய் சொன்னதைக்கூட அவள் ஒருவேளை தாங்கியிருப்பாள். தொடும்போதே தப்பிக்க வழி பார்த்துக்கொண்டுதான் தொட்டானோ என்ற நினைப்பு அவளை அரித்தது.

தை பிறந்தது. இந்த வருஷம் அவள் நடிக்க வரமாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

சாயங்காலம் கோயில் முற்றத்தில் நாடகம். தூணில் கட்டுண்டு நின்ற எட்வின், "உயிரே போனாலும் உண்மையை மறுதலியேன்!" என்று முழங்கினான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு பாண்டிசெல்வி உட்கார்ந்திருந்தாள். பரிபூரணம்தான் வரச்சொல்லியிருந்தாள்.

இரேனம்மாளின் முறை வந்தது. பரிபூரணம் மேடையேறி அம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். கயிற்றை அவிழ்த்தாள். பிறகு, நாடகத்தில் இல்லாதபடி, தன் சேலை மடிப்பிலிருந்து இன்னொரு அம்பை எடுத்தாள். கனமான, கறுத்துப்போன வெள்ளி அம்பு. அந்தத் தெருவில் அதைத் தெரியாதவர் இல்லை. 

"இது சுரூபத்து அம்புலே. உபதேசியாரக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். கவரக் கழட்டுனது யாரு? இதத் தொட்டுச் சொல்லு."

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. எட்வின் அம்பைப் பார்த்தான். ஓரத்தில் பாண்டிசெல்வி எழுந்து நின்றாள். முந்தானை நழுவியதை அவள் சரிசெய்யவில்லை.

எட்வின் அம்பைத் தொடவில்லை. அவிழ்ந்து தொங்கிய இரண்டு கைகளையும் மெல்லப் பின்னால் கொண்டுபோய், இன்னும் கட்டியிருப்பதுபோலத் தூணோடு சேர்த்துக் கோத்துக்கொண்டான்.

அடுத்தது செபஸ்தியார் ராஜாவிடம் திரும்பிப் போகும் காட்சி. சிம்மாசனத்தில் ராஜா காத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, நான் கட்ட அவுத்துட்டேன்லே" என்றாள் பரிபூரணம்.