பல்லுக்கு எந்த நாட்டு விலை

கனடாவில் இருக்கும் என் பேத்திக்குக் கடைவாய்ப் பல் வலி. போனில் முகம் பார்த்துப் பேசும்போது ஒரு கன்னம் மட்டும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. அங்கே காய்ச்சல், பிரசவம், இருதயம் எல்லாவற்றையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளுமாம். பல்லுக்கு மட்டும் அவரவர் கையிலிருந்து கொடுக்க வேண்டுமாம். அவள் சொன்ன விலையைக் கேட்டு எனக்கே பல் கூசியது. லீவில் இலங்கைக்கு வரும்போது ஹட்டனில் பார்த்துக்கொள்கிறேன் அப்பாயி என்றாள். பல் மட்டும் வாய்க்குள்ளே வேறு நாடாக இருக்கிறதா என்று கேட்க வந்தேன். சிரித்தால் அவளுக்கு வலிக்குமே என்று விட்டுவிட்டேன். போனை வைத்த பிறகு என் அம்மாவின் பல் ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்து மருந்து ஐயா அம்மாவின் சொத்தைப் பல்லைப் பிடுங்கப் பார்த்தார். பாதிப் பல் குறட்டோடு வந்தது, வேர் உள்ளேயே நின்றுவிட்டது. நாலாம் நாள் ஒரு கண் மூடிப்போகிற அளவுக்கு வீக்கம். கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை. அப்படியும் கொழுந்தெடுக்கப் போய், மலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐயா பயந்துபோய்க் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். விஷம் தலைக்கு ஏறினால் ஆளுக்கே ஆபத்து என்று அவர் அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னது லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது.

வெள்ளைக்காரத் துரைசாணிக்குப் பல் வலித்தால் கப்பலேறிச் சீமைக்குப் போவாள் என்று பங்களாவில் வேலை செய்த அத்தை சொல்லியிருந்தாள். கடல் தாண்டிக் கொண்டுபோய்க் காட்டுகிற பல் எப்படி இருக்கும் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். அம்மாவின் பல் ரயிலேறிக் கண்டிக்குப் போகிறது என்றதும் எங்கள் வீட்டுப் பல்லுக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்துக் கங்காணி வீட்டு அம்மா வந்து ஒரு வார்த்தை சொன்னாள்.

"கவர்மெண்டு ஆஸ்பத்திரி இந்த நாட்டுக்காரங்களுக்குத்தான் சும்மா. கடுதாசி இல்லாதவங்கன்னா வெளிநாட்டுக்காரன் விலை போட்டுருவாங்க."

அந்தக் காலத்தில், இந்தியாவிலிருந்து வந்து தோட்டத்தில் வேரூன்றிய எங்களில் பலருக்கு நாடு இல்லை. இந்த நாட்டுக்காரர் என்று ஒரு பத்திரம் வேண்டும். அப்பா மூன்று தடவை எழுதிப்போட்டார், மூன்று தடவையும் இல்லை என்று பதில் வந்தது. மாமா இந்தியா போய்வரக் கேட்டபோதும், சித்தப்பா துண்டு நிலம் கேட்டபோதும், ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர்கள் முதலில் கேட்டது அந்தக் கடுதாசியைத்தான். அம்மா அன்றிரவே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காய்ச்சல் கொதித்தது. அப்பா தகரப் பெட்டியிலிருந்த காகிதங்கள் எல்லாவற்றையும், இல்லை என்று வந்த பதில்களையும் சேர்த்து, ஒரு துணியில் கட்டிக் கொடுத்து எங்களை ரயிலேற்றிவிட்டார். அவருக்கு ஃபேக்டரியில் லீவில்லை. சிங்களம் பேச நான் துணைக்குப் போனேன்.

என் சிங்களம் ஜங்ஷன் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். விடியற்காலை கதவைத் தட்டி 'கடே அரின்ன' என்றால் முதலாளி கடையைத் திறப்பார். கடைக்காரரைத் தவிர வேறு யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை. நாலு பேர் பார்த்தாலே பாவாடையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிற பிள்ளை.

ஆஸ்பத்திரியில் துண்டை வாங்கிப் பார்த்து, பேரும் வயசும் கேட்டு, ஒரு நம்பர் கொடுத்தார்கள். கடுதாசி கேட்கவில்லை. உள்ளே கேட்பாங்க போல என்று முனகியபடி அம்மா மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

உள்ளே போனதும் நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். அப்படி ஒரு நாற்காலியை நான் அதுவரை கண்டதில்லை. டாக்டர் காலால் எதையோ மிதிக்க, அது அம்மாவைச் சுமந்துகொண்டு மேலே எழுந்தது. தலைக்கு மேல் ஒரு விளக்கு, பகலிலேயே இன்னொரு பகல் மாதிரி. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணம், அதில் தண்ணீர் யாரும் ஊற்றாமல் தானாகச் சுற்றிச் சுற்றிப் போனது. துரைசாணி சீமையில் உட்காருவதும் இதில்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. மலையில் கூடை சுமக்கிற என் அம்மா அதில் சாய்ந்திருந்தாள், செருப்பில்லாத பாதம் இரண்டும் காற்றில்.

டாக்டர் குனிந்து, "கட அரின்ன" என்றார்.

"கடையைத் திறக்கச் சொல்றாரும்மா" என்றேன்.

அம்மா வீங்கிய வாயோரத்தால் பேசினாள். "நமக்கு ஏதுடி கடை? கடை கிடை இருந்தா காசு கேக்கலாம்னு பாக்குறாங்க. இல்லேன்னு சொல்லு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "அபிட்ட கடே நே" என்றேன். எங்களுக்குக் கடை இல்லை.

சிங்களத்தில் கடைக்குக் 'கடே', வாய்க்குக் 'கட'. என் குரல் பயத்தில் பாதி உள்ளே போயிருந்ததால், எங்களுக்கு வாய் இல்லை என்றுதான் அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு விலா நோகச் சிரித்தார். பக்கத்து நாற்காலிக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அவரே தன் வாயை ஆவென்று திறந்து காட்டினார். அம்மாவும் திறந்தாள்.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "என் உதடு இருக்குதாடி?" என்று கேட்டாள். இருக்குது என்றேன். வேர் வெளியே வந்தது. இவ்வளவூண்டுதான். இதுவா என் அம்மாவைக் கொல்லப் பார்த்தது என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு அம்மா மருந்து ஜன்னலுக்கு வந்தாள். மாத்திரைப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார் அந்த ஆள். அம்மா நகரவில்லை. மூட்டையை அவிழ்த்து, காகிதங்களை ஜன்னல் பலகையில் வைத்தாள். அவர் தள்ளினார். அம்மா திரும்பவும் தள்ளினாள். கடுதாசி பார்க்கலையான்னு கேளு என்று என் முதுகில் இடித்தாள். வரிசை முழுக்க எங்களையே பார்த்தது. நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மேலே இருந்த காகிதத்தை, இல்லை என்று வந்த பதில்களில் ஒன்றை, எடுத்துப் படித்தார். முகத்திலிருந்த எரிச்சல் போய்விட்டது. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, மடித்து, அம்மாவின் கையிலேயே வைத்து மெதுவாகச் சொன்னார்.

"தத்வலட்ட கடதாசி ஓன நே."

"பல்லுக்குக் கடுதாசி வேணாமாம்மா" என்றேன்.

ரயிலில் இடம் கிடைத்தது. நான் நாற்காலியைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தேன். நாவலப்பிட்டி தாண்டியதும் அம்மா என் தோளைத் தொட்டு, அந்த ஆள் சொன்னதைச் சிங்களத்திலேயே சொல்லு என்று சைகை காட்டினாள். சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். சொன்னேன். பஞ்சைக் கடித்த வாய்க்குள்ளே அவளும் கூடச் சொல்லிப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடியே இருந்தது. ஊசி மரப்பு இறங்குகிறது, வலிக்கிறது போல என்று நினைத்தேன். அம்மாவுக்குச் சிங்களம் படிக்க ஆசை வந்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டு, ஏக்க, தெக்க, துன என்று எண்ணிக்கையிலிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.

அவள் தலையை ஆட்டினாள். அந்த ஒன்று போதுமாம்.