துலுக்காணத்தின் வெயில் ஐஸ்

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் முதலில் ஆள் ஓடுவது துலுக்காணத்தின் கொட்டாய்க்குத்தான். ஐஸ் அங்கேதான் கிடைக்கும். கரண்ட் இருக்கிறதா இல்லையா என்ற கவலை கிடையாது, வெயில் அடித்தால் போதும்.

அவனுக்கு அப்பன் பாட்டன் வைத்துவிட்டுப் போன நிலம் எதுவும் இல்லை. சர்க்கார் பட்டா கொடுத்த ஒரு துண்டு கரம்பு, பிறகு அதே சர்க்கார் தந்த சோலார் மோட்டார், அவ்வளவுதான். மகன் தேவேந்திரன் குவைத்தில் டிரைவர். அவன் அனுப்பிய பணத்தில் போர் போட்டார்கள். இரண்டு கோடை தண்ணீர் வந்தது. மூன்றாவது கோடையில் காற்றுதான் வந்தது. சோலார் தகடுகள் மட்டும் வஞ்சனையில்லாமல் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தன. எங்கள் கார்வேட்டிநகரம் பக்கம் தண்ணீர் வற்றும், வெயில் வற்றுமா?

இத்தனை கரண்டும் வீணாகப் போகிறதே என்று வயிறெரிந்தவள் அவன் மனைவி கமலம்மா. புத்தூர் எலக்ட்ரீசியன் சம்பத்தைப் பிடித்து ஒரு இன்வெர்ட்டர் மாட்டி, மூடிப்போன கடையிலிருந்து பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தார்கள். பேட்டரி கிடையாது. பகலில் ஓடும், மூடியைத் திறக்காமல் விட்டால் குளிர் விடியும்வரை நிற்கும். கமலம்மா தெருக்குழாயில் பிடித்த தண்ணீரை டின்களில் ஊற்றி வைப்பாள், பாளம் பாளமாக ஐஸ் கட்டும். சோடாக்கடைக்காரரும் மீன் விற்பவர்களும் வாங்கிப் போனார்கள்.

அப்புறம் எங்கள் தெரு முனிசாமி செத்தான். அவன் பிள்ளை பெங்களூரிலிருந்து வந்து சேர நேரமாகும். ஊரில் கரண்ட் இல்லை. கமலம்மா தானே ஐஸைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிணத்தைச் சுற்றி அடுக்கினாள். பிள்ளை வந்து வாய்க்கரிசி போட்டான். மறுநாளிலிருந்து சோடாக்கடைக்காரர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ‘பொண ஐஸ்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் வைத்தவர்களே தங்கள் வீட்டில் இழவு விழுந்தால் வெட்கமில்லாமல் வந்து நின்றார்கள். இந்த ஜனங்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் வெளியூரில். ஐஸ் இல்லாமல் எந்தப் பிணம் காத்திருக்கும்?

“நா போனா எம்மாம் ஐஸ் ஆனாலும் கொட்டி நிறுத்தி வையிய்யா. தேவா வந்து என் வாயில அரிசி போடணும்,” என்பாள் கமலம்மா.

“உன் வாய்க்கு ஒரு மூட்டை அரிசி ஆவும்,” என்று சிரிப்பான் துலுக்காணம்.

கார்த்திகையில் புயல் வந்தது. வருஷக்கணக்காக வேண்டி நின்ற மழை ஒரேயடியாகக் கொட்டியது. வானம் மூடிக்கொண்டதில் ஐஸ் பெட்டி நின்றுபோனது. கரண்ட் கம்பங்கள் சாய்ந்தன. தரைப்பாலம் முழுகியதால் புத்தூரிலிருந்து குளிர்பெட்டி வண்டி வர வழியில்லை. அந்த நேரம் பார்த்து அடுத்த தெரு ரத்னம்மாவின் புருஷன் இறந்தார். மகள் ஓடைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறாள், வெள்ளம் வடியவேண்டும். துலுக்காணத்திடம் பழைய ஐஸ் கொஞ்சம்தான் மிச்சம்.

“இத்த குடுத்துட்டா, வெயில் வர்ற வரிக்கும் நம்ம கிட்ட ஒண்ணும் இருக்காதே,” என்றான்.

“நம்ம வூட்ல யாரு செத்துகினு கீறாங்க? குடுய்யா!” என்று அதட்டி, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கமலம்மாவே மழையில் சுமந்து போனாள். ரத்னம்மாவின் மகள் கயிற்றைப் பிடித்து ஓடையைக் கடந்து வந்து அப்பன் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை, அடுப்பு பற்றவைக்கக் குனிந்த கமலம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். எழவில்லை.

“நைனா, அம்மாவ வச்சிரு! டிக்கெட் எடுத்துட்டேன், வந்துகினே கீறேன்,” என்று போனில் கதறினான் தேவேந்திரன். துலுக்காணம் கொட்டாய்க்கு ஓடினான். பெட்டிக்குள் வெறும் தண்ணீர். துண்டை எடுத்துத் தகடுகளைத் துடைத்தான். கொட்டுகிற மழையில் துடைத்துக்கொண்டே இருந்தான். பின்னாலேயே ஓடின நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அன்றைக்கு அந்த வானத்தை அறையலாம் போல எனக்கு ஆத்திரம்.

மறுநாள், இனிமேல் தாங்காது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு ஆழம் போர் போட்டும் நிலைக்காத தண்ணீர், அவளுக்குக் குழி வெட்டினதும் முழங்கால் அளவு ஊறியது. இறைத்து இறைத்துத்தான் இறக்கினோம். அதற்கு முன்னால், வாய்க்கரிசி போடும்போது, துலுக்காணம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துத் துண்டின் முனையில் முடிந்துகொண்டான்.

தேவேந்திரன் வந்து சேர்ந்த அன்று சுள்ளென்று வெயில். துலுக்காணம் காலையிலேயே டின்களில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தான். ஐஸ் கட்டிக்கொண்டிருந்தது. தோளில் பையோடு வந்து நின்ற மகனைப் பார்த்ததும் முடிச்சை அவிழ்த்து, அரிசியை அவன் உள்ளங்கையில் கொட்டினான்.

“உன் பங்குடா.”

தேவேந்திரன் அதைப் பார்த்தான். அப்பனைப் பார்த்தான்.

“இத்த எங்க போடறது, நைனா?”